மதகில் நிற்பவனுக்கு

இன்று காலை விளாம்பழம் மேசைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை அது கேற்றடியில் கிடந்தது. புதன்கிழமை வாசற்படியில். இன்று முன் அறையில், கலியாணக் கார்டுகளின் மேல், காற்றுக்குப் பறக்காமல் பாரம் வைத்ததுபோல இருக்கிறது. இது விளாம்பழக் காலமும் இல்லை. ஆனாலும் வீடு முழுக்க அந்தப் புளித்த இனிப்பு வாசம்.

"ஆர் பிள்ளை இதைக் கொண்டந்து வைச்சது?" என்றார் அம்மா.

"தெரியாது அம்மா."

"குரங்கா இருக்கும்."

ஒட்டுசுட்டானில் விளங்காத காரியங்களை எல்லாம் குரங்கின் தலையில் கட்டிவிடுவது வழக்கம். பூட்டிய வீட்டுக்குள் வந்து, கார்டுகளை ஒழுங்காக அடுக்கி, மேலே பழத்தையும் வைத்துவிட்டுப் போகிற குரங்கை அரசாங்க வேலைக்கே எடுக்கலாம். நான் குரங்கை நம்பவில்லை. நீ கிட்ட வந்துகொண்டிருக்கிறாய்.

நாளை விடிய ஐந்தரைக்கு நெளுக்குளத்துக்கு வாடகை வான் புறப்படும். என் கலியாணம் அங்கேதான். வான் உன் மதகைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுப் பாதை போடுவதாகச் சொன்னவர்கள் அதற்குக் கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போனார்கள். வான் அங்கே வருமுன் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருடமாக நீ ஒரு சொல்லை நம்பி அங்கே நிற்கிறாய். அதை நீ பிழையாக விளங்கிக்கொண்டாய். பிழை என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை.

உன் சைக்கிளில் மணி இருக்கவில்லை. "ணிங் ணிங்" என்று வாயால் அடிப்பாய். உயர்தர வகுப்பு முழுக்க உன்னை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அறிந்திருந்தது. உன் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். என் தாத்தா குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இருவரும் ஒரே காட்டை வெட்டி, ஒரே யானைக்குப் பயந்து வாழ்ந்தார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் 'வந்த ஆக்கள்' என்றால் அது நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் நீ எங்களைப்போலக் கதைப்பாய். என்னோடு மட்டும் உன் வீட்டுப் பேச்சு. அதைவிடப் பெரிய காதல் கடிதம் எனக்கு இன்றுவரை யாரும் தரவில்லை.

ஒரு நாள் ரியூசனுக்கு முன், மதகுக் கட்டில் குந்தியிருந்து விளாம்பழத்தை உடைத்துச் சீனி போட்டுக் குழைத்துக்கொண்டே கேட்டாய்.

"ஒங்க ஆளுங்க போறப்போ 'வாறன்'னு சொல்றீங்க. வர்றப்போ என்னா சொல்வீங்க?"

"அதுக்கும் வாறன் எண்டுதான்."

"அப்போ போறீங்களா, வர்றீங்களான்னு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பாத்தால் தெரியும், விசரா."

"நாங்க முழுசா 'போயிட்டு வர்றேன்'னு சொல்வோம். ஒங்களுக்குப் பேச்சுலகூடக் கஞ்சத்தனம்."

அது உண்மைதான். எங்கள் வீட்டில் 'போறன்' என்று யாரும் சொல்லக் கூடாது. அது திரும்பி வராதவர்களின் சொல். அதனால் முன்பாதியை விழுங்கிவிட்டு, போகும்போதும் 'வாறன்' என்போம். எதிரில் நிற்பவருக்கு முகம் விளங்கப்படுத்திவிடும். போனில் முகம் தெரியாது என்பதை அன்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு எங்கள் கதை எட்டியபோது, "உவன் ஆற்றை பெடியன்?" என்று கேட்டார். யாருடைய பிள்ளை என்று சொன்னேன். மேலும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இண்டைக்கே விட்டிடு" என்றார்.

அன்று பின்னேரம் உன் மெசேஜ் வந்தது: 'காலைல மதகுல நிக்கிறேன். நீ கேட்ட வெளாம்பழம் கெடச்சிருச்சு.' பதிலுக்கு மூன்று பந்தி எழுதினேன். நியாயங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. படித்த புத்தகம் ஒன்றிலிருந்து மேற்கோள்கூட இருந்தது. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு சொல்லை அனுப்பினேன். 'வாறன்.'

நான் விடைபெற்றேன். நீ 'சரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சைக்கிள் படம் போட்டாய். நீ எப்படி வாசித்திருக்கிறாய் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. போனைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். திருத்துவதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்த மதகைக் காலையில் யானை கடக்கும் என்பதும், விளாம்பழ வாசத்துக்கு அது நிற்கும் என்பதும் எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். பழத்தைக் கேட்டவள் நான். மறுநாள் விடிய நல்ல பனி. பால் கொண்டுபோன ஒருவர்தான் உன்னைக் கடைசியாக உயிரோடு கண்டவர். "போ தம்பி, நிக்காதை எண்டனான். ஆள் வரும் அண்ணை எண்டான். ஆர் எண்டு கேட்டன், சிரிச்சான்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லி அழுதார். அதிகாரிகள் வந்து யானைகள் கடக்கும் இடம் என்று பலகை நட்டார்கள். இரண்டு கிழமையில் யானை பலகையைச் சாய்த்துவிட்டுக் கடந்தது.

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது முறை. அந்த முறையை நான் மிகச் சரியாகக் கடைப்பிடித்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து, "அவன்கூடப் படிச்ச புள்ளையாம்மா நீ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

உன் கருமாதி முடிந்த மறுநாள் காலை, நீ மதகில் இருந்தாய்.

"ஏன்டி லேட்டு?"

சைக்கிளோடு விழுந்தேன். "நீ செத்திட்டாய் எல்லோ?"

"தெரியும். நீ வாறன்னு சொன்ன. அதான் நின்னேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ போய்விடுவாய். பதினேழு வயதில், செத்துப்போன ஒருவன் திரும்பக் கிடைத்தால், அவனை அனுப்பிவிடும் நேர்மை எனக்கு இருக்கவில்லை.

ஒரு வருடம் ஒவ்வொரு காலையும் வந்தேன். நீ என் சைக்கிள் கைபிடியில் கை வைப்பாய். கை எடுத்த பிறகும் அங்கே பனி ஈரம் இருக்கும். நான் மெலிந்துகொண்டு போனேன். அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டுவித்தார். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "கேரியர்ல அரிசி மூட்டை கட்டுற முடிச்சுடி இது" என்று சிரித்தாய். அதன் பிறகு நீ சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

"எப்போ வருவ?" என்று கேட்கத் தொடங்கினாய்.

"வந்திட்டன்தானே."

"இங்க இல்ல" என்று மதகுக்குக் கீழே பார்ப்பாய். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும், வெயில் ஏறிய பிறகும், அங்கே இருட்டு இருந்தது.

எனக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. கடைசி நாளும் உனக்குச் சொன்னது அதே சொல்தான். "வாறன்." அன்று நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாய். அதற்குப் பிறகு ஊருக்கு நான் வந்தது இந்தக் கிழமைதான். நீ புறப்பட்டதும் இந்தக் கிழமைதான்.

ஆகவே கேள். அந்த மெசேஜுக்கு வருகிறேன் என்று அர்த்தம் இல்லை. உன்னை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். நீ வாசித்ததுதான் எந்த மனிதனும் வாசிக்கக்கூடியது, எழுதியவள்தான் கோழை. நான் அன்று வரவில்லை. இனி வரவும் மாட்டேன். நீ நிற்க வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை உனக்காக எழுதுகிறேன்: போறன்.

எழுதி முடித்ததும் வாசம் நின்றது. பழத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் ஓடு. மேசையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது. வாவன்."

"இந்தா வாறன்!" என்றேன், பலமாக.

சுவருக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்ட, யாரோ வாயால் மணி அடித்தார்கள். ணிங் ணிங்.

நாளை வானில் ஏற முன், "எல்லாருக்கும் சொல்லிப்போட்டு ஏறு பிள்ளை" என்பார் அம்மா. என் வாயில் கிடப்பது 'வாறன்' என்ற அந்த ஒரு சொல்தான்.