கட்டாக் கருவாடும் அதிவேக இணையமும்

முல்லைத்தீவு,
புதன் பின்னேரம்.

அன்பு மகள் டிலுசாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகன் அனிஸ்ரனும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கவும், பேத்தி வயிறு நிறையப் பால் குடித்து நித்திரை கொள்ளவும் மாதாவைக் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் சேமக்காலையில் உன் அப்பப்பாவின் கல்லறையடிதான் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஒருவர் கதைத்தால் வரிசையில் நிற்கிற எல்லோரும் காது கொடுப்பார்கள், அப்பப்பாவும் சேர்த்து. இது அப்படிக் கதைக்கக்கூடிய விஷயம் இல்லை. சின்னம்மாவின் மகள் கலிஸ்ரா வெள்ளிக்கிழமை பிரான்ஸ் திரும்புகிறாள், கருவாட்டுப் பொதியோடு இதையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் உனக்குச் சொன்னது பொய். அவா நல்ல சுகமாக இருக்கிறா, ஆனால் மூன்று கிழமையாகப் போன் பக்கம் வர மாட்டேன் என்கிறா. ஏன் என்று எழுதுகிறேன், சிரிக்காமல் வாசி. சிரித்தாலும் அவாவுக்குத் தெரிய வேண்டாம்.

போன வருஷம் றோட்டோரம் தூண் நட்டு ஒரு கறுப்புக் கம்பி இழுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, இதற்குள்ளால் அதிவேக இணையம் பாயப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பிறகு இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. இணையம் வரவில்லை, கம்பி மட்டும் கடற்கரை வரைக்கும் வந்து வடிவாகத் தொய்ந்து கிடந்தது. எங்கள் பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும், மண் படாது, நாய்க்கு எட்டாது, வெயிலும் காற்றும் இரண்டு பக்கத்தாலும் பிடிக்கும் என்று கருவாட்டைக் கொண்டுபோய் அதில் தொங்கவிடத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கம்பியால் இந்த ஊர் கண்ட ஒரே பயன் அதுதான், அதையும் ஒரு மேடையிலும் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் திடீரென்று, வருகிற ஞாயிறு திறப்புவிழா என்றார்கள். எங்கள் பேத்திக்கு அதே ஞாயிறு ஞானஸ்நானம், அம்மா போனில் பார்க்கப் போகிறா என்று எங்கள் மீனவர் சங்கத் தலைவர் யாரிடமோ சொல்லப்போய், அதிகாரிகளுக்குச் சர்க்கரை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சங்கக் கட்டிடத்தில் பெரிய திரை கட்டினார்கள். வாசலில் பானர், அதில் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டு, கீழே பயனாளி திருமதி புனிதமலர் யோசெப் என்று எழுதியிருந்தார்கள். பார்த்தால் பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது, நான் சொல்லவில்லை, எனக்கும் சோறு வேண்டும் அல்லவா.

கம்பியில் ஒரு சூடைக் கருவாடுகூடத் தொங்கக் கூடாது என்று கிராம சேவகர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார், எல்லோரும் கழற்றினார்கள். அந்த நேரம் பார்த்துச் சனிக்கிழமை என் வலையில் நல்ல கட்டா மீன் பட்டது. உனக்குக் கட்டாக் கருவாடு என்றால் உயிர், கலிஸ்ராவிடம் கொடுத்துவிடலாம் என்று அம்மா அன்றைக்கே வெட்டி உப்புப் போட்டுவிட்டா. உப்புக் கண்ட மீன் மறுநாள் வெயில் காண வேண்டும், இல்லாவிட்டால் புழு வைக்கும், இது ஞாயிறா திறப்புவிழாவா என்று மீனுக்குத் தெரியாது. அவா வெள்ளெனப் பூசைக்குப் போகிற வழியில், அதிகாரிகள் கண்ணில் படாத இடம் என்று, கோயிலுக்குப் பின்னால் கம்பி திரும்புகிற இடத்தில் அவ்வளவையும் தொங்கவிட்டுவிட்டா. பிறகு வீட்டுக்கு வந்து கூறைச்சேலையை உடுத்துக்கொண்டு பயனாளியாகப் போய் முன் கதிரையில் இருந்தா.

விழாவைப் பற்றி என்ன சொல்ல. பிரதம விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார், வந்து வேகத்தின் அவசியத்தைப் பற்றி ஆற அமரப் பேசினார். இனி நாங்கள் மீனை இணையத்திலேயே விற்கலாமாம். மீனுக்குப் போட ஐஸ் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, அது வேறு திணைக்களம் என்றார்கள். ஒருவழியாகத் திரையைப் போட்டார்கள். குறை சொல்லக் கூடாது மகள், படம் என்றால் அப்படி ஒரு படம். உன் கையில் வெள்ளைச் சட்டையோடு பிள்ளை, இமைமயிர்கூடத் தெரிந்தது. அம்மா கதிரையை விட்டு எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் இரண்டு கையாலும் அதைத் தடவினா. அந்த நேரத்திலும் எங்கள் சங்கத் தலைவர் மைக்கை விடாமல், இந்தக் கணத்தை இந்த ஊர் மறவாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே சுவாமியார் பிள்ளைக்கு என்ன பெயர் என்று உன்னைக் கேட்கிறார் என்று, அந்தப் பாஷை விளங்குகிற கலிஸ்ரா பக்கத்தில் இருந்து எங்களுக்குச் சொன்னாள், நீ வாயைத் திறந்தாய், திரை கறுத்துப் போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால் கோயிலுக்குப் பின்னால் கம்பி அறுந்து கிடக்கிறது. கட்டாவின் பாரத்தில் கம்பி நன்றாகத் தாழ்ந்துபோக, ஒரு நாய் எட்டிப் பாய்ந்து பிடித்து இழுத்திருக்கிறது. நாய் ஆருடையது என்று நினைக்கிறாய், மைக்கில் நின்றாரே, அவருடையதுதான்.

இணையம் எப்படியோ, விசாரணை அதிவேகமாக வந்தது. அடுத்த நாள் விடிய வாகனத்தில் மூன்று பேர் வந்து ஒரு துண்டுக் கருவாட்டைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, இது யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். எங்கள் பெண்கள் அதை மணந்து பார்த்து, இது எங்கள் ஊர் உப்பே இல்லை என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அந்தத் துண்டு எந்தக் குசினியில் உப்புக் கண்டது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தலைவரும் நாயைக் கட்டி வைத்துவிட்டார். கடைசியில் இனந்தெரியாத நபர்களால் தொங்கவிடப்பட்ட கருவாடு என்று எழுதிக்கொண்டு போனார்கள். கம்பி இன்னும் அறுந்தபடியே கிடக்கிறது. திருத்த வேண்டும் என்றால் இணையத்தில்தான் முறைப்பாடு போட வேண்டுமாம், அதற்கும் நாங்கள் சேமக்காலையில்தான் வரிசையில் நிற்கிறோம்.

ஊர் அவாவைக் காப்பாற்றிவிட்டது, அவா தன்னை விடுகிறா இல்லை. அன்று இரவு சாப்பிடவில்லை. கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னா: "என்ர கையாலதான் நான் என்ர பேத்தியின்ர முகத்தை மறைச்சனான். இனி என்னெண்டு பிள்ளையோட கதைக்கிறது?" நீ கோபிக்க மாட்டாய் என்று எவ்வளவு சொல்லியும் அவா கேட்கவில்லை. அடுத்த நாள் நீ போன் எடுத்து, அம்மா தன் காதால் கேட்க வேண்டும் என்றுதானே பெயரை இவ்வளவு நாளும் ஒளித்தேன் என்று அழுதாய். பெயரை எனக்கு மட்டும் சொன்னாய். நான் அவாவுக்குச் சொல்லவில்லை, அந்த நாளின் கதையை எடுத்தாலே குசினிக்குள் போய்விடுகிறா. இது நான் சொல்லித் தீருகிற விஷயமும் இல்லை.

நாய் தின்றது போக மிஞ்சிய கட்டாவைக் கழுவி, திரும்பக் காயவைத்து அனுப்புகிறா. கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வை, யன்னலைச் சாத்திவிட்டுச் சமை, இல்லாவிட்டால் மணத்துக்கு மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடப் போகிறார்கள். நான் எழுதுவதைப் பார்த்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டா, கருவாடு சமைக்கிற விதம் என்றேன், உப்பைக் கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கோ என்றா. மூன்று கிழமைக்குப் பிறகு உன்னைப் பற்றி அவா வாயைத் திறந்தது அதற்குத்தான்.

உங்கள் மூவரையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே மகள். பிள்ளையின் படம் ஒன்றைக் கடதாசியில் எடுத்துத் தபாலில் போடு. எங்கள் தபால்காரருக்கு உறையின் இரண்டு பக்கத்தையும் உரத்து வாசித்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுக்கிற பழக்கம், மூன்று வளவுக்குக் கேட்கும், எங்கள் குசினிக்குள்ளும் கேட்கும். பெறுபவர் என்று புனிதமலர் யோசெப் என எழுது. அனுப்புபவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போடாதே, பிள்ளையின் பெயரைப் போடு: புனிதமலர் அனிஸ்ரன்.

அன்புடன்,
உன் அப்பா
யோசெப்