சூட்டினால் குறையாத எடை

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடி இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். என் முழங்கால் வலி பரவாயில்லை. கடையில் ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜுகள் வாசல் வரை நிற்கின்றன, வெயில் காலம் வந்தாலே எனக்கு யோகம்தான். மாடி வீட்டுக்காரர் மறுபடியும் குழாயை மூட மறந்து நம் கூடத்துச் சுவரை ஊறவைத்துவிட்டார், அவரோடு சண்டை போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு நாடக மேடைக்கு விளக்குப் போடும் வேலைக்குப் போனதிலிருந்து நீயும் உன் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. அவள் உன்னைப் பற்றி என்னிடம் கேட்கிறாள், நீ அவளைப் பற்றி என்னிடம் கேட்கிறாய், நடுவில் நான் தபால்காரனாக அலைகிறேன். உன் ஊரில் நடக்கும் இயற்பியல் மாநாட்டில் பேச அவளைக் கூப்பிட்டபோது, இனி இருவரும் பார்த்துத்தானே ஆகவேண்டும் என்று மனசுக்குள் துள்ளிக் குதித்தேன். அதிலும் மண் விழப் பார்த்தது. அவளுடைய மெசான் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் இந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு எவ்வளவு விளங்கியது என்று பார்த்து நீ சிரிக்கலாமே என்று எழுதுகிறேன். பிறந்த கையோடு செத்துப்போகும் துகள்கள் அவை. அணுவின் கருவே உருகிப்போகும் அளவுக்குச் சூடேற்றினால் அவற்றின் எடை குறையுமா, இல்லை எடை அப்படியே இருக்க ஆயுள் மட்டும் இன்னும் குறையுமா, இதுதான் அவள் கேள்வி. அத்தனை சூட்டை எந்தப் பாத்திரம் தாங்கும், அதனால் பெரிய கணினிக்குள் கணக்காகவே போட்டுப் பார்க்கிறாள். எடை குறைகிறது என்று விடை வந்தது. ஆய்வுக்கூடமே கொண்டாடியது, மாநாட்டு அழைப்பும் அதனால்தான் வந்தது, பரண் மேலிருந்த பெட்டியைக்கூட இறக்கித் தூசி தட்டியாகிவிட்டது. அப்போது பார்த்து இவளுக்கே ஒரு சந்தேகம் குடைய ஆரம்பித்தது. அந்தக் கணக்கில் சூடு ஏற ஏற, நேரத்தைப் பிரித்து வைக்கும் புள்ளிகள் குறைந்துகொண்டே போகுமாம். குளிர்ந்த மெசானுக்கு நிறையப் புள்ளிகள், சூடானதற்குக் கொஞ்சம்தான். நான் முழித்தேன். "ஒருத்தனை நேத்து நேருக்கு நேரா பார்த்துட்டு, இன்னைக்குக் கதவு இடுக்குல பார்த்துட்டு, ஐயோ இளைச்சுட்டானேன்னா எப்படிங்க" என்றாள். குளிர்ந்ததையும் அதே கொஞ்சப் புள்ளிகளை மட்டும் வைத்துத் திரும்பக் கணக்கிட்டாள். அதுவும் அதே அளவு இளைத்து நின்றது! சூடே படாதது! எடை குறைந்தது சூட்டினால் இல்லை, இடுக்கில் பார்த்ததால்தான்.

யாரும் கேட்கவில்லை, சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியவும் போவதில்லை, ஆனாலும் உடனே மாநாட்டுக்காரர்களுக்கு எழுதிவிட்டாள், என் முடிவு தவறு, பேச ஒன்றுமில்லை, வரவில்லை என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எடை குறைந்தால் என்ன கூடினால் என்ன, மகளைப் பார்க்கிற வழியை அடைத்துவிட்டாயே என்று கத்திவிட்டேன். அவளோ சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, "இத்தனை வருஷம் செஞ்சது தப்புன்னு ஒரு வரி எழுதவே உசிரு போயிடுச்சுங்க. ஆராய்ச்சியை விடறேன்னு சொல்ல அவளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். நான் பக்கத்துல நிக்காம சீறி விழுந்துட்டேன்" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் ஈரத் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

ஆனால் கேள், மாநாட்டுக்காரர்கள் விடவில்லை. அந்தச் சோதனையைப் பற்றியே பேசட்டும், இன்னும் சிலர் அதே பள்ளத்தில் விழுந்திருக்கலாம், அவசியம் வரவேண்டும் என்று பதில் போட்டுவிட்டார்கள். அதைவிட நல்ல சேதி, இடுக்கில் பார்த்த குறையைக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சி நிற்கிறதாம். எடை அசையவில்லை, ஆயுள் மட்டும் சூட்டினால் நிஜமாகவே குறைகிறது. அதைக் கண்டதிலிருந்து காலையிலேயே பாட்டு முணுமுணுக்கிறாள், சுருதி சேரவே இல்லை, நானும் தாளம் போடுகிறேன்.

அடுத்த மாதம் வருகிறாள். தங்குவதற்கு ஹோட்டலில் அறை போட்டிருந்தார்கள், வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஏன் என்றேன். "பொண்ணு வீடு அங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு ஹோட்டலு" என்றாள். அவளிடம் கேட்டாயா என்றேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு, "நீங்க கேளுங்க" என்றாள். அதைக் கேட்கத்தான் கண்ணே, இவ்வளவு வளைத்து வளைத்து எழுதினேன்.

எடுத்த வேலையில் உன் கை ஓங்கட்டும், நோய் நொடி அண்டாமல் நிறைந்த மனசோடு நீண்ட நாள் நன்றாக இரு. விளக்கு மாட்ட ஏணியில் ஏறும்போது கீழே யாராவது பிடித்துக்கொள்ளட்டும், அசட்டையாக இருக்காதே. பதிலை எனக்கு எழுதாதே, நேராக அவளையே கூப்பிடு. இரண்டு நாளாகப் போனை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா