விமானக் கொம்பனி கேட்ட சீதனம்

என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த என் அக்காவுக்கு,

உன் இரண்டாவது திவசத்துக்குப் பேப்பரில் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். ஆண்டுகள் போனாலும் ஆறாத துயர் என்று அவர்களிடமே ஒரு வரி தயாராக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது நாலு வரியில் முடிகிற விசயமா? சண்டை பிடித்து முழுப் பக்கம் வாங்கியிருக்கிறேன். ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலில் நல்ல செய்தி. ஆரணி விமானி ஆகிவிட்டாள், அக்கா. உன் மகள்தான், மானிப்பாய்ச் சந்தியில் சைக்கிளைத் திருப்பத் தெரியாமல் மதகுக்குள் விழுந்தவள். நீ நகையைக் கழற்றிக் கொடுத்து, கனடாவில் இருக்கிற அவளுடைய பெரியப்பா மிச்சத்தைப் போட்டு, பறக்கப் படிக்க அனுப்பிய பிள்ளை. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, லைசென்ஸ் வந்திட்டுது" என்றாள். கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். முருங்கைக்காய் எடுக்க வந்த வியாபாரி ஒருவர், யாரோ மோசம் போய்விட்டார்கள் என்று நினைத்து என்னிடம் துக்கம் விசாரித்தார்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அழுதிருக்க மாட்டாய். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டிருப்பாய்.

லைசென்ஸ் வந்தால் வேலையும் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நீயும் அப்படி நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடினாய். அப்படி இல்லையாம். அவள் படித்தது நாலு பேர் ஏறுகிற சின்ன விமானத்தில். பெரிய ஜெட் ஓட்டுவதற்கு, அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். பல இடங்களில் அதற்குப் பிள்ளையே காசு கட்ட வேண்டும். அதை முடித்துக்கொண்டு போனாலும், பயணிகளோடு பறந்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அந்த அனுபவத்தையும் காசுக்கு விற்கிற கொம்பனிகள் இருக்கின்றன. சீருடை போட்டு, துணை விமானியின் ஆசனத்தில் இருந்து, உண்மையான பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். ஆனால் சம்பளம் வாங்குவதில்லை, கொடுப்பது.

எனக்கு விளங்கவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"அப்ப வேலைக்குப் போறவன்தான் முதலாளிக்குச் சம்பளம் குடுக்கிறதோ?"

"ஓம் மாமா, அப்பிடித்தான்."

"விசர்க் கதை கதைக்காதை பிள்ளை."

"நான் கதைக்கேல்லை மாமா. உலகம் அப்பிடித்தான் கதைக்குது."

அதற்குத்தான் அவள் உன் வீட்டைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வீட்டை உன்ரை பேரிலை எழுதி வைக்கிறன். கலியாணத்தண்டு அவளுக்கு எழுதிக் குடு. அதுக்கு முதல் ஆர் கேட்டாலும் குடாதை. அவளே கேட்டாலும் குடாதை." ஓம் என்று சொன்னேன். நகையைச் சிரித்துக்கொண்டு கொடுத்த நீ, வீட்டை மட்டும் விடவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை, நீயும் போகப் போகிறாய், ஒரு வீடும் இல்லையென்றால் இந்த ஊரில் அவளை யார் கேட்டு வருவார்கள் என்று உனக்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

ஆகவே மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. எங்கள் வீட்டில் சோறு இறங்காத அளவுக்குச் சண்டை. ஒருநாள் எரிச்சலில், "உது வேலை இல்லை, உந்தக் கொம்பனி சீதனம் கேக்குது" என்று கத்தினேன்.

"சரி, அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ. முகம் தெரியாத மாப்பிள்ளைக்கு அம்மான்ரை வீட்டைக் குடுக்கலாமெண்டால், எனக்குப் பிடிச்ச வேலைக்கு ஏன் குடுக்கேலாது?"

நீ பெற்ற வாய், அக்கா. ஆனால் சீதனம் என்று வந்துவிட்டால் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறதல்லவா? விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி, முந்திப் பெண் கொடுத்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்காமல் யாராவது வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவார்களா? கொம்பனிக்காரரோடு நானே கதைக்கிறேன் என்றேன்.

கொம்பனிக்காகக் கதைக்கிறவர் லண்டனில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெடியன். ஞாயிற்றுக்கிழமை நேரம் தந்தான். "நாளைக்குக் கொம்பனிக்காரர் கதைக்க வருகினம்" என்று சாந்தியிடம் சொல்லி வைத்தேன். உன் மச்சாளை உனக்குத் தெரியும்தானே. என்னைக் கட்டிய நாளிலிருந்து நான் சொல்வதை அவள் முழுதாக நம்பியது அந்த ஒரு தரம்தான். வடை சுட்டு, பயற்றம் பணியாரம் சுட்டு, நல்ல கோப்பைகளைக் கழுவி அடுக்கி, சீலையும் மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் மேசையில் ஆரணியின் லப்டொப்.

"எங்கை ஆக்கள்?"

"உதுக்குள்ளைதான் அன்ரி" என்றாள் ஆரணி.

"உதுக்குள்ளை இருக்கிறவருக்கு நான் ஏனப்பா வடை சுட்டனான்?"

ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் எனக்குச் சண்டையே மறந்து போய்விட்டது.

பெடியன் மரியாதையானவன். விளக்கமாகத்தான் சொன்னான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தம்பி, உங்களுக்குக் காசு கட்டிப் பறந்த பிள்ளையள் இப்ப எங்கை வேலை செய்யினம்?" உலகம் முழுக்க இருக்கிறார்களாம். "ரெண்டு பேரைச் சொல்லுங்கோ, நான் தாய் தேப்பனோடை ஒருக்காக் கதைக்கிறன்." அதைச் சொல்ல முடியாதாம். "ரெண்டு சீற்தான் அங்கிள் மிச்சம். இந்தக் கிழமைக்குள்ளை சொல்லிப்போடுங்கோ" என்றான். அக்கா, இந்தக் கதையை நாங்கள் எத்தனை கலியாணத் தரகரிடம் கேட்டிருப்போம்? வேறு இடத்திலும் பேச்சு நடக்குது, கெதியாய்ச் சொல்லுங்கோ என்பார்களே, அச்சு அசல் அதே குரல்.

அவன் சொல்லாவிட்டால் எங்களுக்கு ஆட்கள் இல்லையா? சாந்தியின் ஒன்றுவிட்ட தங்கச்சி உடுப்பிட்டியில் இருக்கிறாள். போன் எடுத்ததும், "எங்கடை ஒழுங்கையிலையே ஒரு பெடியன் உப்பிடிக் காசு கட்டிப் பறந்துபோட்டு வந்து நிக்கிறான்" என்றாள். அதே கொம்பனிதான். ஆரணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், சந்தோசமாகத்தான் போனேன். என் பக்கத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைப்பு.

நிரோஷன் என்று பெயர். வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவன், காலைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தான். தாய் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். காணியில் அரைவாசியை விற்றுத்தான் கட்டினார்களாம். பேசியபடி அத்தனை மணித்தியாலமும் பறக்க விட்டார்களாம். அதில் பொய் இல்லையாம்.

"மணித்தியாலம் முடிஞ்ச அடுத்த நாளே என்ரை கதிரையிலை வேறை பெடியன் இருந்தான் அங்கிள். அவனும் காசு கட்டினவன். பின்னுக்கு இருந்த சனமும் ரிக்கெற் எடுத்தது. முன்னுக்கு இருந்த நானும் ரிக்கெற் எடுத்த ஆள்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வேலைக்கென்று எத்தனையோ இடத்துக்கு எழுதியிருக்கிறானாம். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கேட்டாயா என்பது போல ஆரணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பக்கக் காத்திலை முதல் தரம் பிளேனை இறக்கேக்கை எப்பிடி இருந்தது?" என்று அவனைக் கேட்டாள்.

அவ்வளவுதான், அக்கா. அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. இரண்டு கையையும் செட்டை மாதிரி நீட்டி, ஒரு பக்கம் சரித்து, மூக்கு இப்படி நிற்க வேண்டும், சில்லு இப்படி முட்ட வேண்டும் என்று காட்டத் தொடங்கினான். இவளும் கையை நீட்டினாள். இரண்டு பேரும் அந்த விறாந்தையில் விமானத்தை இறக்கினார்கள், ஏற்றினார்கள், திரும்ப இறக்கினார்கள். கப்டன் ஒருவர் என்னவோ சொன்னாராம், அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

தாய் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏமாந்து போனம் எண்டு ஊர் சொல்லுது அண்ணை. ஓம், ஏமாந்துதான் போனம். காணியை நினைச்சால் வயிறு எரியுது. ஆனா உவன் உப்பிடிக் கதைச்சுக் கனகாலம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தேத்தண்ணீரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வரும்போது நெல்லியடியில் சோடா குடிக்க நிறுத்தினோம். ஆரணிதான் முதலில் கதைத்தாள்.

"மாமா, உந்தக் கொம்பனி வேண்டாம்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

"ஆனா வீட்டை என்ரை பேரிலை எழுதித் தாங்கோ."

"உதென்ன பிள்ளை? கொம்பனி வேண்டாமெண்டால் பேந்து ஏன் வீடு?"

"அந்தப் பெடியன் சொன்னதிலை அரைவாசி எனக்கு முந்தியே தெரியும் மாமா. நீங்கள் மாட்டன் மாட்டன் எண்ட படியாத்தான் நான் அந்தக் கொம்பனிக்காக வாதாடிக்கொண்டு நிண்டனான். உங்களோடை சண்டை பிடிக்கிறதிலை, எனக்கு அது சரியோ பிழையோ எண்டு யோசிக்க இடமில்லாமல் போச்சுது." சோடாப் போத்தலைக் கீழே வைத்தாள். "வீடு என்ரை எண்டால், வேண்டாமெண்டு நான்தான் சொல்ல வேணும். நீங்கள் சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சந்தையில் தராசைப் பிடித்துக்கொண்டு வாடிக்கைக்காரர்கள் மேல் விழுந்து பிடுங்கினேன். சாந்தி, "உங்களுக்கு இப்ப ஆரோடை கோவம், அவளோடையோ மச்சாளோடையோ?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். உன்னோடுதான், அக்கா. என்னை ஏன் இதற்குள் மாட்டிவிட்டாய்? செத்துப்போன ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நீ திருப்பி ஒரு சொல் சொன்னால்தானே நான் மூன்று சொல் சொல்லலாம்.

போன மாதம் ஆரணியைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போனேன். பழைய ஆள், எங்கள் குடும்பத்து உறுதிகள் எல்லாம் எழுதியவர்.

"ஆர் மாப்பிள்ளை?" என்றார்.

"மாப்பிள்ளை இல்லை."

"பின்னை என்ன அவசரம்? கலியாணத்தண்டு சீதன உறுதியா எழுதலாமே. உங்கடை அக்கா அப்பிடித்தானே ஆசைப்பட்டவ." பிறகு ஆரணியின் பக்கம் திரும்பி, "எங்கடை தேசவழமைச் சட்டம் தெரியும்தானே பிள்ளை. கட்டினாப் பிறகு உன்ரை பேரிலை கிடந்தாலும், விக்கிறதெண்டால் புருசன்ரை சம்மதமும் வேணும்" என்றார்.

இது நான் அறியாத சட்டம் இல்லை, அக்கா. அத்தானின் சம்மதம் கேட்டுத்தான் நீயும் உன் வளவில் ஒரு துண்டை விற்றாய். அப்போது எனக்கு அது ஒரு விசயமாகவே தெரியவில்லை. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டபோது நெஞ்சில் தைத்தது. இன்றைக்கு என்னைக் கேட்க வேண்டும், நாளைக்குக் கட்டுகிறவனைக் கேட்க வேண்டும். எப்போதுதான் இது இவளுடைய வீடு?

"சீதனமெண்டு எழுதாதேங்கோ. நன்கொடை எண்டு எழுதுங்கோ. இண்டைக்கே எழுதுங்கோ. கலியாணம் வரைக்குமெண்டாலும் ஆரையும் கேக்கத் தேவையில்லாமல் அவளின்ரை வீடா இருக்கட்டும்" என்றேன்.

உனக்குக் கோபமா? உன்னிடம் சொன்ன ஓமை உடைத்துவிட்டேன். கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீ வீட்டைக் காக்கச் சொன்னது அவளைக் காக்கத்தானே? அவளை நீ இப்போது பார்க்க வேண்டும். கொழும்புப் பக்கத்தில் ஒரு பறப்புப் பள்ளியில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். சம்பளம் சொல்லும்படியாக இல்லை. ஆனால் யாரும் அவளிடம் காசு கேட்பதில்லை, பறந்த மணித்தியாலமும் கணக்கில் ஏறுகிறது. தன் செலவில் பயிற்சி கொடுத்து, சில வருடம் எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுகிற கொம்பனி ஒன்றுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. வருமா? தெரியாது. வராமலும் போகலாம். உன் வீட்டை ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறாள். வாடகை எவ்வளவு என்று நான் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

உறுதியில் கையெழுத்து வைத்த அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இனி உங்களைக் கேக்காமல் நான் வீட்டை விக்கலாமோ?"

"விக்கலாம்."

"சட்டப்படி?"

"சட்டப்படி."

"சரி. அப்ப உங்களைக் கேட்டுத்தான் விப்பன்."

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன்.

அவள் கேட்டு வருகிற அன்று நான் கத்துவேன், அக்கா. நாலு ஊருக்குப் போன் எடுத்து விசாரிப்பேன். அந்தக் குணம் இனி மாறாது, நீயே எவ்வளவோ முயன்று பார்த்தாய். எல்லாம் முடிந்த பிறகு அவள் என்ன முடிவு சொல்லுகிறாளோ, அதற்கு ஓம் என்பேன். இந்த ஓமை உடைக்க மாட்டேன்.

உன் தம்பி,
ஆரணியின் மாமன்,
குணம்