கங்காணியின் ஓரியூர் மண்

ஆத்தாவுக்கு மகன் சந்தியாகு பணிவாக எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை கங்காணி எங்களை வரிசையில் நிறுத்தி ஒரு செப்பு டப்பாவைத் திறந்தார். நம்ம வேதசாட்சி அருளானந்தர் தலை வெட்டுப்பட்டு ரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணாம். "இதத் தொட்டு, தோட்டத்த விட்டு ஓட மாட்டேன்னு அவரு பேருல சத்தியம் பண்ணுங்க" என்றார். பெண்கள் அழுதுகொண்டே தொட்டார்கள். என் முறை வந்தபோது அந்த மண்ணில் தேயிலை விதையின் ஓடு கிடந்தது. ஓரியூரில் ஏது தேயிலை? உள்ளுக்குள் சிரித்தபடி சத்தியம் செய்துவிட்டேன்.

ஓட இருந்தவனே நான்தான். இப்போது கால் எழவில்லை. மண் பொய் என்றாலும் அருளானந்தர் பெயரை அல்லவா சொல்லிவிட்டேன்? போன மாதம் ஓடிப் பிடிபட்டவனைப் பற்றி எழுதவில்லை, நீங்கள் பயப்படுவீர்கள்.

இந்தச் சத்தியம் செல்லுமா என்று பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். இந்தக் கடிதத்தைப் பதுளைக் கடைக்கார மீராசாயபு தபாலில் போடுவார். பதிலைக் கங்காணி பிரித்துப் படிப்பார். அதனால் செல்லும் என்றால் ஒரு கம்பளி அனுப்புங்கள். செல்லாது என்றால், கம்பளி வாங்க முடியவில்லை என்று எழுதுங்கள்.

பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணத் தப்படிக்கிறார்கள், போக வேண்டும். இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது, ஆத்தா. ஆனாலும் கம்பளி வரக்கூடாது என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன்.

சந்தியாகு