ஜன்னலோர நாற்காலி

பிப்ரவரி 3, செவ்வாய்

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. இவருடைய சிறுநீரகத்தில் கட்டி. இவருக்கு இருப்பதே ஒன்றுதான். இன்னொன்று என் வயிற்றுக்குள் இருக்கிறது. நான் டயாலிசிஸில் கிடந்த காலத்தில் இவர் கொடுத்தது.

வீடு வந்தோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பசிக்குது"ன்னார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 5

நாத்தனார் போன் பண்ணினாள். "அன்னைக்கே வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ரெண்டு இருந்திருந்தா இன்னைக்கு ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பான்."

அவ சொல்றது பொய்யா என்ன?

பிப்ரவரி 9

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்ற வேண்டும். விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து செய்யலாம். அல்லது சின்னச் சின்னத் துளை போட்டு, ரோபோ கைகளை உள்ளே விட்டுச் செய்யலாம். ரோபோ தானாகவே வெட்டும் என்று நினைத்து அரண்டுபோனேன். இல்லையாம். டாக்டர் அதே அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து அதை இயக்குவாராம்.

"அப்ப ஓட்டறது நீங்கதான். நான் பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் போடட்டுமா?" என்றார் இவர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் புத்தி எங்கே போகும்! டாக்டரே சிரித்துவிட்டார்.

ரோபோவில் ரத்தம் குறைவாகப் போகும், வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் கட்டி ஆழத்தில், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது. ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துவைத்துத்தான் வெட்ட முடியும். திறந்து செய்தால் அந்த நேரத்தில் சிறுநீரகம் வாடாமல் இருக்கச் சுற்றிலும் ஐஸ் வைக்கலாம். "புற்றுக்கட்டியை எடுக்கறதுல ரெண்டும் ஒண்ணுதான். எதுவானாலும் நான் செய்வேன். முடிவு உங்க கையில"ன்னுட்டார். டாக்டரே இப்படிச் சொன்னா நாங்க யாரைப் போய்க் கேக்கறது?

பிப்ரவரி 11

சண்டை. இவருக்கு ரோபோதான் வேண்டுமாம். எனக்காகக் கிழித்துக்கொண்ட தழும்பு இடப்பக்கம் இன்னும் இழுக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டார். "இந்தப் பக்கமும் கிழிச்சா நான் எப்படித்தான் தூங்கறது? நின்னுக்கிட்டா?"

நான் அந்த ஐஸைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டயாலிசிஸ் நாற்காலி எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். இவர் அதில் உட்காரவே கூடாது. "அப்ப என்கிட்ட இருக்கறதைத் திருப்பி எடுத்துக்குங்க"ன்னு கத்திட்டேன்.

"திருப்பி வாங்கறதுக்கு அதை உன்கிட்ட அடகா வெச்சேன்?"

கடைசியில் இவரே இறங்கிவந்தார். "சரி. உன் இஷ்டம். திறந்தே பண்ணட்டும்."

பிப்ரவரி 20

ஆபரேஷன் முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டதாம். அப்பாடா!

பிப்ரவரி 23

சிறுநீர் இறங்கவில்லை. கட்டிலில் தொங்கும் பையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் — சொட்டுகூட இல்லை. படுக்கையிலேயே டயாலிசிஸ் செய்தார்கள்.

மார்ச் 27

"கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சுடும்னு நம்பினோம். இனிமே ஆகும்னு தோணல" என்றார் டாக்டர்.

"ரோபோவுல பண்ணியிருந்தா?" என்று கேட்டேன்.

"இதேதான் ஆகியிருக்கலாம். சொல்ல முடியாது."

சொல்ல முடியாதாம். இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? பெரிய காயத்தையும் குடுத்து, கடைசில டயாலிசிஸையும் குடுத்தேனே, பாவி. இவர் என்னை ஒரு வார்த்தை திட்டித் தொலைக்கலாம். திட்டவில்லை. வலப்பக்கமும் திரும்ப முடியாமல் மல்லாந்தே படுத்திருக்கிறார்.

ஏப்ரல் 6

நான் போய்க்கொண்டிருந்த அதே டயாலிசிஸ் கூடம். பச்சைத் திரை மாறவில்லை, மருந்து வாடை மாறவில்லை. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. நர்ஸ் டிரேயோடு வந்தாள். நான் கையை நீட்டினேன்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் சாய்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது நான். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் இவர். அந்தக் காலத்தில் எப்படி உட்கார்வோமோ அப்படியே. இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. எனக்கு மட்டும் அது அழுகையில் போய் முடிந்தது.

வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் இவர் சொன்னார்: "எழுந்து இந்தப் பக்கம் வா. இனிமே நான் ஓட்டறேன்."

எழுந்தேன். பையை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.