எச்சரிக்கை விளக்கும் விளக்கக் கடிதமும்

18 நவம்பர் 2024, திங்கள்
நான் ஓட்டும் எஸ்டேட் பிக்கப்பில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிகிறது. புகைக்குழாயின் சூட்டை அளக்கும் சென்சார் கோளாறாம். போன மாதம்தான் சேலத்தில் புதிதாக மாற்றினார்கள்.

மேனேஜர் கமலக்கண்ணன் சாரிடம் காட்டினேன். கறுப்பு டேப் கேட்டார். விளக்கின் மேல் ஒட்டினார்.

"இப்பத் தெரியுதா அங்கப்பா?"

"தெரியலீங்க சார்."

"அவ்வளவுதான், போ."

19 நவம்பர்
டேப் நன்றாக ஒட்டியிருக்கிறது. வண்டிதான் இழுக்கவில்லை.

21 நவம்பர், வியாழன்
மாரமங்கலம் ஏற்றம். காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் பதினோரு பேர் பின்னால். பாதி ஏற்றத்தில் இழுவை செத்துப்போனது. சென்சார் தப்பாகச் சொன்னால் என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளுமாம். தன்னை மட்டும். பிரேக்கை மிதித்தும் மழை ஈரத்தில் வண்டி பின்னால் சறுக்கியது. பெண்களில் வள்ளி குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அதற்குப் பின்னால் பள்ளம்தான் — அய்யோ, நொம்பப் பயந்துட்டேன்.

வள்ளி கேட்டாள்: "ஏனுங்கண்ணா, நாங்க நடந்தே வந்துரட்டுங்களா?"

22 நவம்பர்
எனக்கு மெமோ. "ஏற்றத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திய காரணத்தை மூன்று நாளில் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தவறினால் வேலைநீக்கம்." என்ன எழுத? மலையைக் கேளுங்கள் என்றா?

சேலத்தில் இன்னொரு புது சென்சார் போட்டார்கள். திரும்பி வரும்போது மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் அதே கதை.

24 நவம்பர், ஞாயிறு
ஏற்காட்டில் வண்டி ஒயரிங் பார்க்கும் நிலோஃபரிடம் போனேன். "அந்தப் பொண்ணு ஹாரன் மாட்டத்தான் லாயக்கு" என்பார் சார். நிலோஃபர் சென்சாரைக் கழற்றவே இல்லை. மீட்டரை வைத்து ஒயரை மெல்ல அசைத்தார். எண்கள் தாறுமாறாகக் குதித்தன.

"சென்சார் நல்லாத்தானுங்க இருக்குது. ஒயருதான் புகைக்குழாய்ல பட்டு உருகிக் கிடக்குது. சென்சார மாத்துனவங்க ஒயரப் புடிக்கிற கிளிப்ப மாட்டாம உட்டுட்டாங்க."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையுந்தானுங்க."

புது ஒயர் சேர்த்து, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயை விட்டு விலக்கிக் கட்டினார். டேப்பை உரித்தோம். விளக்கு எரியவில்லை. மாரமங்கலம் ஏற்றத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். வண்டி பறந்தது.

25 நவம்பர்
நடந்ததை, நிலோஃபர் சொன்ன யோசனைகளோடு அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

27 நவம்பர்
பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டதாம். இனி ஒயர் உருகாமல் நடந்துகொள்ளும்படி நான் எச்சரிக்கப்படுகிறேன்.

3 டிசம்பர், செவ்வாய்
முதலாளி வந்திருந்தார். அவர் முன்னிலையில் டிரைவர்களுக்கு சார் வகுப்பெடுத்தார்: 'சென்சார் கோளாறைத் தடுப்பது எப்படி? என் அனுபவம்.' கிளிப், உறை, மாதம் ஒரு முறை ஒயரை அசைத்துப் பார்ப்பது — நான் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் சொன்னார். முதலாளி மகிழ்ந்து, "எங்க, அந்த ஒயரக் காட்டுங்க கமலக்கண்ணன், நானும் பாக்கறேன்" என்றார்.

சார் வண்டிக்கு அடியில் புகுந்தார். நாங்கள் காத்திருந்தோம். முதலாளி ஒரு டீ குடித்து முடித்தார். அப்புறம் அடியிலிருந்து தணிந்த குரல் வந்தது:

"அங்கப்பன்… நிலோஃபர் நம்பர் இருக்குதுங்களா?"