தண்ணீர் கேட்டவளுக்கு

மானிப்பாயில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை திறந்திருக்கிறார்கள். இன்று காலை பஸ்ஸால் இறங்கி நடந்தபோது மரச்சீவல் வாசம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது புதுவீட்டு வாசமாக இருக்கலாம். எனக்கு அது உன் எலியறையின் வாசம். கூடுகளுக்குள் பரப்புவதற்காக நீ உரப்பையில் அடைத்து ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போவாயே, அந்தச் சீவல். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

விலங்கியலை நாம் ஒன்றாகத்தான் படித்தோம். நான் படிப்பிக்கப் போனேன். நீ பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி எலிகளோடு நின்றுவிட்டாய். பாடசாலை விட்டதும் சில நாட்களில் உன்னைப் பார்க்க வருவேன். மூளையின் அடியில் சின்னக் கூட்டமாக இருக்கும் கலங்களைப் பற்றி, சினேகிதியின் வீட்டு விசேஷம் சொல்வதுபோலச் சொல்வாய். உடம்பில் உப்புக் கூடினால் அந்தக் கலங்கள் முதலில் அறியும். உள்ளே உறங்கிக் கிடக்கும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். தண்ணீரைக் காக்கும் ஓமோன் கூடுதலாக உருவாகும். அது போய்ச் சிறுநீரகத்திடம் “விடாதே, பிடித்து வை” என்று சொல்லும். திரும்ப நல்ல தண்ணீர் கிடைத்தால் மரபணுக்கள் அடங்கிவிடும். இதைப் பார்க்கத்தான் எலிகளுக்குக் கொஞ்ச நாள் உப்புத் தண்ணீர் வைத்தாய். அந்த நாட்களில் காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுப்பாய். ஒருமுறை ஓர் எலியின் நிறை சட்டென்று இறங்கிவிட்டது. உடனே அதற்கு நல்ல தண்ணீர் வைத்துவிட்டாய்.

“அப்ப உன்ரை ஆராய்ச்சி?” என்று கேட்டேன்.

“அது கிடக்கட்டும். உயிரெல்லோ முக்கியம்” என்றாய்.

பிறகு உனக்கே தாகம் தொடங்கியது. பூசைக்கும் போத்தலோடு போனாய். குடிப்பதும் குளியலறைக்கு ஓடுவதுமாக இருந்தாய். சீனி வருத்தமாக, நீரிழிவாக இருக்கும் என்று உன் அம்மா பயந்தா. சோதித்தார்கள்; சீனி இல்லை. நீ எனக்குப் போன் எடுத்துச் சிரித்தாய்.

“எடியே, என்ரை எலியளின்ரை கலம் எனக்குப் பழுதாப் போச்சுது போல. அந்த ஓமோன் சுரக்கேல்லை.”

நீ சொன்னது சரி. உன் வருத்தத்தை உன்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் காட்டப் போன தனியார் ஆஸ்பத்திரி டொக்டருக்கு முன்னால் நீ வெறும் நோயாளி. நானும் பக்கத்தில் இருந்தேன். நீ எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாய். அவர் பேனையை மூடிவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் பாக்கிறது எலி. நான் பாக்கிறது மனுசர். உது மனப்பழக்கம் பிள்ளை. தண்ணியை நிப்பாட்டினால் எல்லாம் சரியாகும்.”

எனக்குக் கொதித்தது. நீயோ தலையாட்டினாய். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “கோவிக்காதை. இதுக்குச் சோதனையே தண்ணியை நிப்பாட்டிப் பாக்கிறதுதான். இடைக்கிடை நிறை பாத்து, ரத்தத்திலை உப்பைப் பாத்து, கூடினால் உடனை நிப்பாட்டுவினம். வாயாலை என்ன சொன்னாலும் அவர் அதைத்தான் செய்யப்போறார்.”

அறிவியலை நம்பியதுபோல அந்த மனிதரையும் நம்பினாய். அன்று பின்னேரமே அவருடைய வார்டில் சேர்ந்தாய். அங்கே சோதனை எதுவும் நடக்கவில்லை. உன்னைக் கட்டிலில் கிடத்தி, போத்தலைப் பறித்து, குளியலறையைப் பூட்டினார்கள். அவ்வளவுதான் வைத்தியம். யாரும் உன்னை நிறுக்கவில்லை. யாரும் உன் இரத்தத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மதியம் பார்வை நேரத்துக்கு வந்தேன். உன் உதடு வெடித்திருந்தது. நாக்குத் தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கட்டிலோடு தொங்கிய பையில் சிறுநீர் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இறங்கிக்கொண்டேயிருந்தது. குடிக்காத உடம்பு இன்னும் தண்ணீரை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாவது ஒருவருக்கு விளங்கியிருக்க வேண்டாமா?

“தண்ணி தாடி,” என்றாய். “நான்... என்ரை எலியளுக்குக்கூட... இப்பிடிச் செய்யேல்லை.”

என் பையிலிருந்த போத்தலை எடுத்து உன் வாயில் வைத்தேன். ஒரு மிடறு குடித்திருப்பாய். நேர்ஸ் ஓடிவந்து தட்டிப் பறித்தா.

“டொக்டர் குடுக்க வேண்டாம் எண்டவர்.”

“அப்ப டொக்டரைக் கூப்பிடுங்கோ! ஆளைப் பாருங்கோ, மயங்குது!”

“நீங்கள் கத்தாதேங்கோ. மற்ற நோயாளியளும் இருக்கினம்.”

காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். வாசலில் நின்று கத்தினேன். தெருவில் போனவர்கள் எனக்குத்தான் வருத்தம் என்று நினைத்திருப்பார்கள். அங்கேயே நின்று நான் டொக்டரின் போனுக்கு அடித்துக்கொண்டிருக்க, உள்ளே உனக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உன் இரத்த அறிக்கையைப் பார்த்த இளம் டொக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஆர் இவவுக்குத் தண்ணியை மறிச்சது?” என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நீ பிறகு கண் விழிக்கவேயில்லை.

செத்த வீட்டில் எல்லோரும் கடவுளின் சித்தம் என்றார்கள். சித்தமா? ஒரு மனிதர் காது கொடுக்காததற்குக் கடவுள் ஏன் பழி ஏற்க வேண்டும்? விசாரணையில் அவர் சொன்னதையும் கேள்: “அவ தன்ரை எலிக் கதையைத்தான் திருப்பித் திருப்பிக் கதைச்சா.” நான் எழுந்து, “ஓம், அந்தக் கதையிலைதான் அவவின்ரை உயிர் இருந்தது,” என்றேன். என்னை உட்காரச் சொன்னார்கள். சிகிச்சையில் தவறில்லை என்று முடித்தார்கள். அவர் இன்றும் அதே அறையில் நோயாளர்களைப் பார்க்கிறார். மேல்முறையீடு செய்திருக்கிறோம்.

உன் அம்மா மன்னித்துவிட்டா. போன ஞாயிறு வீட்டுக்குப் போனபோது தேத்தண்ணி தந்து, என் தலையைத் தடவினா.

“விடு பிள்ளை. இவ்வளவு கோவம் உடம்புக்குக் கூடாது.”

“என்னாலை ஏலாது அன்ரி,” என்றேன்.

நீ அங்கே இருந்திருந்தால், கோபம் வரும்போது மூளையில் எந்தக் கலம் விழிக்கிறது, எந்த ஓமோன் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் அது அடங்கும் என்று எங்களிருவருக்கும் விளக்கத் தொடங்கியிருப்பாய். தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். நான் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன். விளக்கிச் சொல்ல நீ இல்லை. என்னுடையது இன்னும் அடங்கவில்லை. அடங்க நான் விடவும் மாட்டேன்.